முத்துக்கரையில் முதுமை: மகள் மனையும் பெற்றோர் நலமும்

வரலாற்று ஏடுகள் முதியோரைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. கோட்டை, போர், கப்பல், வரி ஆகியவற்றை விரித்துரைக்கும் அவை, அவற்றையெல்லாம் கடந்து வாழ்ந்து நரைத்தவர்கள் யார் வீட்டில் இருந்தனர், யார் கையால் உண்டனர் என்று ஒரு வரியும் எழுதுவதில்லை. தூத்துக்குடிச் சீமையும் இதற்கு விலக்கன்று. பாஞ்சாலங்குறிச்சி என்றவுடன் நம் நினைவுக்கு வருவோர் முதுமையைக் காணாமல் மறைந்தவர்கள். வீரபாண்டியக் கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு வயது 39. அவர் தம்பி ஊமைத்துரையும் 1801 நவம்பரில் அதே முடிவை எய்தினார்.

ஊமைத்துரையின் வாழ்நாளை ஏறத்தாழ ஆறு மாதம் நீட்டித் தந்தவர் ஒரு தாய். 1801 மே 24ஆம் நாள் கோட்டை வீழ்ந்தபின் களத்தில் தம் மகனைத் தேடிச் சென்றார் அவர். குற்றுயிராகக் கிடந்த மகனோ, தன்னை விட்டுவிட்டு அருகில் காயமுற்றுக் கிடக்கும் தலைவரைக் காக்குமாறு வேண்டினான். தாய் அவ்வாறே செய்தார். எட்டயபுரத்துப் படையினர் எதிர்ப்பட்டபோது, காயமுற்றவரைத் துணியால் மூடி, அம்மை கண்டு இறந்த பிள்ளை என்று அழுது அவர்களை அகலச் செய்தார். எதிரணியில் நின்று போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட தம் நினைவுக்குறிப்புகளில் இதனைப் பதிந்துள்ளார். அத்தாயின் பெயரை நாம் அறியோம். மகனை இழந்த அவர் எஞ்சிய நாளை எவர் ஆதரவில் கழித்தார் என்பதையும் ஏடு கூறவில்லை.

மகனை இழந்த தாய்க்கு முதுமையில் யார் துணை என்னும் இவ்வினாவுக்கு இக்கரையிலேயே ஒரு சமூகம் தனக்குரிய விடையைக் கண்டிருந்தது. பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து தெற்கே, தாமிரபரணி முகத்துவாரத்தைக் கடந்தால் காயல்பட்டினம். அங்கும் இராமநாதபுரம் கடற்கரையிலுள்ள கீழக்கரையிலும் வாழும் மரைக்காயர் முதலான முஸ்லிம்களிடையே, மணமான மகள் தாய்வீட்டை விட்டுச் செல்வதில்லை; மாப்பிள்ளையே பெண்வீட்டுக்கு வருகிறார். மகளுக்குப் பெற்றோர் வீடு கொடுக்கின்றனர். ஆதலின் பெற்றோரின் முதுமை மகளின் மனையில் கழிகிறது. தமிழகத்தின் பிற பகுதிகளில் மகனே முதுமைக்கு ஊன்றுகோல் எனக் கருதப்படுவதையும், மகள் வீட்டில் தங்குவதை மதிப்புக் குறைவாக எண்ணும் பெற்றோர் இன்றும் இருப்பதையும் நோக்க, இவ்வழக்கின் தனித்தன்மை புலனாகும். இலங்கையின் கிழக்குக் கரையிலும் முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் இதனை ஒத்த வழக்கு உண்டு.

இவ்வழக்கு ஒரு பெரியாரின் பெயரிலேயே பதிந்துள்ளது. 1816இல் காயல்பட்டினத்தில் பிறந்து 1898இல் கீழக்கரையில் மறைந்த இமாமுல் அரூஸ் செய்யிது முஹம்மது ஆலிம் (ரஹ்) அவர்களை மக்கள் 'மாப்பிள்ளை லெப்பை ஆலிம்' என்றே அழைத்தனர். கீழக்கரை தைக்கா சாஹிபு (ரஹ்) அவர்களின் மகளை மணந்து, மாமனாரின் ஊரையே தம் ஊராக்கிக்கொண்டதால் அமைந்த பெயர் அது. மாமனாரின் ஞானப்பணி மகளின் கணவர் வழியாகத் தொடர்ந்தது. அரபுத்தமிழில் பெருநூல்கள் இயற்றிய ஓர் அறிஞர் 'மாப்பிள்ளை' என்னும் உறவுப்பெயராலேயே நிலைபெற்றமை எண்ணத்தக்கது.

இவ்வழக்கு எதனால் வேரூன்றியது? கடல் ஒரு காரணம் என்பது எம் கருத்து. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்போர் ஆழ்கடலில் மூச்சடக்கி இறங்குவதையும், விளைவில் பத்தில் ஒரு பங்கு மன்னனுக்கும், கொடிய மீன்களை மந்திரத்தால் கட்டுவோர்க்கு இருபதில் ஒரு பங்கும் சென்றதையும் எழுதியுள்ளார். கல்லின் துணையால் கடலடிக்குச் சென்று மீளும் அத்தொழிலில் பரதவரோடு முஸ்லிம்களும் இருந்தனர். அது உடலை விரைவில் தளரச் செய்யும் தொழில்; சில பருவங்களில் மட்டுமே வாய்ப்பது. தூத்துக்குடியில் 1961க்குப் பின் பெருமளவிலான முத்துக்குளிப்பு நடைபெறவே இல்லை. கப்பல் வணிகத்திலும் நிலை இதுவே. கொழும்பு, கல்கத்தா, ரங்கூன் எனச் சென்ற ஆடவர் ஆண்டுக்கணக்கில் வீடு திரும்பார். சிலர் திரும்பாமலே போயினர். 1960களில் பர்மாவில் வணிகம் நாட்டுடைமையானபோது கடையையும் சரக்கையும் விட்டு வந்தோர் பலர். ஆணின் செல்வம் அலைமேல் இருந்த காலத்தில், பெண்ணின் பெயரில் இருந்த மனை கரையில் நின்றது. மருமகளாகப் பிறர் வீட்டில் காலூன்றவேண்டிய தேவை இல்லாத பெண், பிறந்த மனையிலேயே மூத்தாள்.

முதிய பெண்ணுக்கு இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. காயல்பட்டினத்து வீடுகளின் பின்புறத்தே பெண்கள் நடமாடுவதற்கென்றே 'முடுக்கு' எனப்படும் குறுஞ்சந்துகள் உள்ளன. பெருந்தெருவுக்கு வராமலே தமக்கை வீட்டுக்கும் தோழி வீட்டுக்கும் சென்றுவர இவை உதவின. சிறுமியாக ஓடிய அதே சந்தில் பாட்டியாகவும் அவள் நடந்தாள். பெண்களுக்கெனத் தனித் தைக்காக்களும் அவ்வூரில் உண்டு. முதுமையின் பெருந்துன்பங்களுள் ஒன்றாகிய தனிமைக்கு இந்த அமைப்பே மருந்தாயிற்று.

மார்க்க நோக்கில் இதனை ஆராய்வதும் தகும். திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் 23ஆம் வசனம், பெற்றோரை நோக்கிச் சீ என்னும் சொல்லையும் விலக்குகிறது. அவர்கள் 'உம்மிடத்தில்' முதுமையடைவது பற்றி அவ்வசனம் பேசுவதை நாம் கவனிக்க வேண்டும். முதுமைக்குரிய இடம் மக்களின் அண்மையே என்பது அதனால் பெறப்படும். மக்கள் என்பது மகனை மட்டும் குறிப்பதன்று. இக்கரையினர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், வறிய பெற்றோரைப் பேணும் கடமை வசதியுள்ள மக்கள்மேல், ஆணாயினும் பெண்ணாயினும், சாரும்.

எனினும் மகளுக்கு மட்டும் வீட்டை அன்பளிப்பாக எழுதுவது நீதியா என்னும் வினா எழாமல் இல்லை. தம் மகன் நுஃமானுக்கு மட்டும் அன்பளிப்புச் செய்த பஷீர் (ரலி) அவர்களிடம், மற்ற மக்களுக்கும் அவ்வாறு கொடுத்தீரா என வினவி, அதற்குச் சாட்சியாக நிற்க மறுத்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அன்பளிப்பில் சமன்மை பேணுவது ஷாஃபிஈ அறிஞர்களிடம் வலியுறுத்தப்பட்ட நற்செயல்; ஹன்பலீ அறிஞர்களிடம் கடமை. வீட்டை மகளுக்கும் வணிக முதலை மகனுக்கும் தரும் குடும்பம் இச்சமன்மையை ஒருவாறு காக்கிறது. முதலில்லாக் குடும்பத்தில் மகன் வெறுங்கையனாகிறான்.

குறை வேறும் உண்டு. மகள் மூவர் எனில் வீடு மூன்று. அவற்றை எழுப்புவதற்காகவே தந்தை நரைத்த பின்னும் அயலூரில் உழைத்தார். அவர் திரும்பி வரும் வீடும் அவருடையதன்று; மனைவிக்குரியது, அல்லது இளைய மகளுக்குக் கொடுக்கப்பட்டது. மணநாளில் மாப்பிள்ளையாக நுழைந்தவர் மூப்பிலும் மாப்பிள்ளையாகவே அங்கு வாழ்கிறார். பெண்ணின் முதுமைக்கு இடம் வகுத்த இவ்வழக்கு ஆணின் முதுமைக்குப் பள்ளிவாசலையும் கடற்கரை மணலையுமே பெரும்பாலும் ஒதுக்கியது. நோயுற்றோரைத் தாங்கும் சுமை முழுதும் மகள் தலைமேல் வீழ்ந்ததையும் மறைக்கலாகாது.

இன்று நிலைமை மேலும் மாறிவருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 8.6 விழுக்காடு, தமிழ்நாட்டிலோ 10.4 விழுக்காடு. கணவரோடு வளைகுடாவுக்கும் பெருநகருக்கும் மகளிர் குடிபெயர்வதால், மகளுக்குக் கொடுத்த மனையில் மகளின்றிப் பெற்றோர் மட்டும் எஞ்சும் நிலையை ஆங்காங்கே காண்கிறோம். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், முதியோர் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் மகனையும் மகளையும் ஒருங்கே பொறுப்பாக்குகிறது. பேணுவதாகிய நிபந்தனையுடன் கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் செல்லாததாக்க அதன் 23ஆம் பிரிவு வழிசெய்கிறது. மக்களுக்கு அளித்த அன்பளிப்பை, அது அவர்கள் உடைமையில் நீடிக்கும்வரை, பெற்றோர் மீட்டுக்கொள்ளலாம் என்று ஷாஃபிஈ அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வகுத்திருந்தமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. இரு சட்டங்களும் கொடுத்த பொருளை மீட்கலாம். அருகிருக்கும் துணையை மீட்க இயலாது.

முத்துக்கரை முஸ்லிம்கள் கண்ட வழக்கை அப்படியே போற்றவேண்டும் என்றோ, பழமை என்று தள்ளவேண்டும் என்றோ நாம் கூறவில்லை. முதுமை நலம் என்பது தனிமனிதரின் சேமிப்பில் மட்டும் அடங்குவதன்று. யாருக்கு வீடு, யாருக்குக் கடமை, முதியவர் எவ்வழியே அண்டைவீட்டுக்கு நடப்பார் என்பவற்றை ஒரு சமூகம் முன்கூட்டியே தீர்மானிப்பதில் அது அடங்கியுள்ளது. இக்கரையினர் அதனை மகளை நடுவாக வைத்துத் தீர்மானித்தனர். மகளிர் கல்வி கற்று, பணிபுரிந்து, கடல் கடக்கும் இக்காலத்தில் அத்தீர்மானத்தை மகனும் மருமகனும் ஊரும் பகிர்ந்துகொள்ளும் வகையில் புதுப்பிப்பது நம் ஜமாஅத்துகளின் கடனாகும்.