கொழுந்தும் கரியும்

கேமரன் மலையில் விளையும் தேயிலைக்கும், சிலாங்கூர் மாநிலத்துப் பத்து ஆராங்கில் தோண்டப்பெற்ற நிலக்கரிக்கும் உள்ள தொடர்பு யாது? இரண்டையும் பெருந்தொழிலாக்க முன்னின்றவர் ஒருவரே. அவர் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல். 1913ஆம் ஆண்டில் மலாயன் கோலியரீஸ் என்னும் நிலக்கரி நிறுவனம் தோன்றக் காரணராயிருந்த அவர், 1929இல் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் 'போ' தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். அம்மலையில் பல்லாண்டுகள் கொழுந்து கிள்ளி உழைத்தவருள் தமிழர் பெரும்பங்கினர்.

கிள்ளிய கொழுந்து தானே தேயிலைத் தூள் ஆகிவிடாது. அதனை வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, இறுதியில் சூடான காற்றில் உலர்த்தவேண்டும். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகிறது. குறைந்த எடையெல்லாம் நீரே. அந்நீரைப் போக்கும் வெப்பத்திற்கு விறகே தேயிலை நாடுகளில் பழைய துணை. ஆயினும் பிறிதொரு மணத்தை விரைந்து பற்றிக்கொள்ளும் இயல்புடையது தேயிலை. புகை தீண்டினால் சரக்குக் கெடும். ஆதலின் உலைத்தீ இரும்புக் குழாய்களைச் சுட, அக்குழாய்களின் புறத்தே சென்று சூடேறிய தூய காற்றே இலையைத் தொடும். வெப்பம் வேண்டும், புகை வேண்டா. இதுவே தேயிலைத் தொழிலின் விதி.

நிலக்கரியை வாயுவாக்கும் கலையும் இவ்விதியையே நாடியது. 1792இல் இங்கிலாந்தில் வில்லியம் மர்டாக் நிலக்கரி வாயுவால் தம் இல்லத்தில் விளக்கேற்றினார். 1862இல் சிங்கப்பூரின் காலாங்கில் வாயு நிலையம் எழுந்தது. அங்கே காற்றுப் புகாத கலத்தில் கரியைச் சுட்டு, வெளிவரும் வாயுவைக் குழாய்வழி தெருவிளக்குகட்கு அனுப்பினர். இம்முறையில் கற்கரி எஞ்சும். பின்னர் வளர்ந்த முறையோ கரி முழுவதையும் வாயுவாக்குவது. கனலும் கரியின்மீது அளவான காற்றோ உயிர்வளியோ நீராவியுடன் செலுத்தப்பெறும். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு கிடைக்கும், சாம்பல் நின்றுவிடும். எரிக்குமுன்பே கந்தகத்தையும் நீக்கலாம். அவ்வாயு உலைக்கு எரிபொருள், எந்திரத்திற்கு ஆற்றல், உரத்திற்கு மூலப்பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தேயிலைத் தொழிற்சாலைகள் சிலவற்றில் இவ்வகை வாயுவால் இயங்கும் எந்திரங்கள் சுழன்றன.

இனிப் பத்து ஆராங்கைக் காண்போம். மலாய் மொழியில் அவ்வூர்ப் பெயரின் பொருளே நிலக்கரி என்பதாகும். 1915இல் அங்கே கரி வெட்டத் தொடங்கினர். அக்கரி மலாயாவின் இரயில்களையும், கோலாலம்பூரின் மின்நிலையத்தையும், ஈயச் சுரங்கங்களையும் இயக்கியது. வெட்டியவர் வாழ்வோ எளிதாயில்லை. 1937 மார்ச்சில் சீனர் பெரும்பான்மையினராயிருந்த தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தபோது, காவற்படை சுரங்கத்துட் புகுந்து அதனை அடக்கியது.

பத்து ஆராங் கரி இளங்கரி, ஈரம் மிக்கது, குவித்துவைத்தால் தானே தீப்பற்றும் இயல்பினது. தொலைவில் கொண்டுபோய் விற்க ஏலாத அச்சரக்கிற்கு உள்நாட்டுக் கொதிகலன்களே சந்தை. இரயில்கள் எண்ணெய்க்கு மாறின, சந்தை சுருங்கிற்று. 1960இல் சுரங்கம் மூடப்பெற்றது. பூமிக்கடியில் கரி எஞ்சியிருந்தும், வெட்டியவர்க்கு வேலை எஞ்சவில்லை.

அதே பத்தாண்டில் தமிழகத்து நெய்வேலி வேறு வழி கண்டது. அங்குள்ள பழுப்பு நிலக்கரியும் ஈரம் மிக்க இளங்கரியே. 1966இல் இயங்கத் தொடங்கிய உர ஆலை அதனை வாயுவாக்கி யூரியா செய்தது. கொதிகலனில் மட்டும் எரிந்த கரி வயலுக்கும் உதவலாயிற்று. எனினும் அவ்வாலையும் பின்னர் எரியெண்ணெய்க்கு மாறி, இறுதியில் மூடப்பட்டது. 1955இல் தென்னாப்பிரிக்காவின் சாசோல்பர்க்கில் தொடங்கிய முயற்சியோ கரியிலிருந்து வாயுவும், வாயுவிலிருந்து எண்ணெயும் ஆக்கி நிலைத்தது.

இவற்றால் அறியக்கிடப்பது யாது? இளங்கரியின் பயனைப் பெருக்கும் ஆற்றல் வாயுவாக்கலுக்கு உண்டு. ஆயின் அத்தொழில் நிலைபெறுவது எண்ணெய் விலையையும் அரசின் கொள்கையையும் பொறுத்தது. அது புகையை அடக்கும். கரியமில வாயுவைத் தானே அடக்காது. இன்று மின்சாரத்திற்கு வெளிநாட்டுக் கரியை வாங்கும் மலேசியாவிற்கு இவ்விரண்டும் கருதத்தக்கவை. எந்த எரிபொருள் வரினும் போயினும், அதன் கணக்கில் முதலாளியின் முதலீட்டோடு, கொழுந்து கிள்ளிய கையையும் கரி வெட்டிய கையையும் சேர்த்தெழுதுவதே முறையான வரலாறு.