ஓய்வு பெற்ற ஜியான்

2008 நவம்பர்ல கோர் ஐ7-920 வந்தப்ப, எக்ஸ்58 மதர்போர்டோட சேர்த்து வாங்கினவங்களுக்கு விலை கையைக் கடிச்சது. நாலு கோர், 2.66 கிகாஹெர்ட்ஸ். ஆனா அந்த போர்டுக்கு ஒரு யோகம் இருந்தது. பயாஸைப் புதுப்பிச்சா, அதே சாக்கெட்டுல சர்வருக்கான ஜியானும் உக்காரும்!

2010 மார்ச்ல வந்த ஜியான் எக்ஸ்5650க்கு ஆறு கோர். விலை கிட்டத்தட்ட 1000 டாலர். கேம் ஆடுறவன் கனவுல கூட நினைக்க முடியாது. சில வருஷம் கழிச்சு டேட்டா சென்டர்கள் பழைய சர்வர்களைக் கழிச்சுக்கட்ட, அதே சிப் ஈபேயில 100 டாலருக்கும் கீழ வந்துடுச்சு.

இன்டெல்காரன் பெருக்கியைத்தான் பூட்டியிருந்தான், அடிப்படை கிளாக்கை விட்டுட்டான். 133 மெகாஹெர்ட்ஸை 200க்கு ஏத்தி 20ஆல பெருக்கினா, 4 கிகாஹெர்ட்ஸ்! (பெரிய கூலர் வேணும். கரண்ட் பில்லைப் பத்திப் பேசப்படாது.) பழைய பொட்டி இன்னும் சில வருஷம் ஓடுச்சு.

2011 ஜனவரியில சாண்டி பிரிட்ஜ் வந்தது. பிசிஐ, சாட்டா எல்லாத்தையும் அடிப்படை கிளாக்கோட கோத்துட்டாங்க. அதைக் கொஞ்சம் ஏத்தினாலே பொட்டி படுத்துடும். வேகம் வேணும்னா 'கே' போட்ட சிப்புக்குக் கூடுதல் காசு. இதுல பாதி தொழில்நுட்பம், பாதி வியாபாரம்னுதான் எனக்குத் தோணுது.

எக்ஸ்5650 கடைசியில தோத்தது வேகத்துல மட்டும் இல்லை. பின்னால வந்த சில கேம்கள் ஏவிஎக்ஸ் கட்டளைகள் இல்லாம திறக்கவே மாட்டேன்னுடுச்சு. அந்த ஏவிஎக்ஸ் முதல்ல வந்ததும் அதே சாண்டி பிரிட்ஜ்லதான்.