செய்ந்நன்றியும் நடுவுநிலைமையும்: உ. வே. சாமிநாதையர் வாழ்வில் ஒரு நோக்கு

நன்றியறிதலைத் திருவள்ளுவர் இல்லறவியலில் வைத்தார். துறவுக்குரிய அரிய நோன்பாகவோ அரசனுக்குரிய பெருங்குணமாகவோ அவர் அதனைக் கருதவில்லை. விருந்தோம்பலும் இனிய சொல்லும் நிகழும் அதே இல்லத்தில், நாள்தோறும் பழகவேண்டிய ஒழுக்கமாகவே கண்டார். பதினோராம் அதிகாரமாகிய செய்ந்நன்றியறிதலை அடுத்து நடுவுநிலைமை வருகின்றது. இவ்வைப்பு முறைக்குப் பரிமேலழகர் காட்டும் காரணம் எண்ணத்தக்கது. உதவியவரை நினைக்கும் நெஞ்சு அவர் பக்கம் சாய்ந்துவிடக்கூடும். அவ்விடத்தும் நடுவுநிலை பிறழலாகாது என்பதற்காகவே அவ்வதிகாரம் இதன்பின் வைக்கப்பட்டது என்பது அவர் கருத்து.

நன்றியையும் நடுவுநிலையையும் ஒருங்கே காப்பது எளிதன்று. ஆசிரியரைப் போற்றப் புகுந்தவர் அவர் குறையை மறைப்பர். குறையைக் காணப் புகுந்தவர் பெற்ற உதவியை மறப்பர். இலக்கிய உலகில் இவ்விரு பிழைகளும் மிகுதி. இரண்டிலும் வீழாது நெடுங்காலம் வாழ்ந்த ஒருவரின் வரலாறு, கவிஞர்களும் புலவர்களும் தமக்குரியதாகக் கொள்ளத்தக்கது. அவர் உத்தமதானபுரம் வே. சாமிநாதையர் (1855 – 1942).

பெயரும் பாடமும்

ஐயருக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் சாமிநாதன் என்று அழைத்து வந்தனர். 1871ஆம் ஆண்டு மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்தபோது, வேறு பெயர் உண்டா என ஆசிரியர் வினவினார். சாமிநாதன் என்ற பெயரே அவருக்கு உவப்பாயிற்று, அதுவே நிலைத்தது. தமிழுலகம் இன்று அறியும் பெயர் அவ்வாறு ஆசிரியரின் விருப்பத்தால் வழங்கலாயிற்று.

பிள்ளையவர்கள் 1815இல் பிறந்தவர். வறுமையிலேயே கற்றவர். நூல்கள் அச்சேறாத அக்காலத்தில், ஏடு வைத்திருந்தவரைத் தேடித் தேடிச் சென்று பயின்றார். பிச்சையேற்று உண்ட பரதேசி ஒருவரைப் பின்தொடர்ந்து, அவர் மனம் மகிழ நடந்து, தண்டியலங்காரம் கற்றார் என்பர். தாம் பட்ட இடர் பிறர் படலாகாது என எண்ணியவர் போல, தம்மை நாடி வந்தோர் அனைவருக்கும் பொருள் பெறாது பாடம் சொன்னார். கிறித்தவராகிய சவேரிநாத பிள்ளையும், இசுலாமியராகிய நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் அவர் மாணாக்கருள் அடங்குவர். பெற்ற கல்வியைத் தந்தவருக்கே திருப்பித் தர இயலாது. அடுத்து வருவோர்க்குத் தருவதே அக்கடனைத் தீர்க்கும் வழி. பிள்ளையவர்கள் இதனை உரையாகச் சொல்லாமல் வாழ்க்கையாகக் காட்டினார்.

1876 பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் திருவாவடுதுறையில் மறைந்தார். அவ்வேளையில் சவேரிநாத பிள்ளை அவரைத் தம் மார்பில் சாய்த்துத் தாங்கியிருந்தார். சாமிநாதையர் திருவாசகத்து அடைக்கலப்பத்தினைப் படித்துக்கொண்டிருந்தார். ஐயருக்கு அப்போது வயது இருபத்தொன்று நிரம்பவில்லை. ஏறத்தாழ ஐந்தாண்டு கேட்ட பாடமே அவருடைய செல்வம்.

ஒரு வினா விளைத்த மாற்றம்

1880ஆம் ஆண்டு ஐயர் வாழ்வில் இரு உதவிகள் நிகழ்ந்தன. ஒன்று வாழ்வளித்தது, மற்றொன்று வழியை மாற்றியது.

கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக விளங்கிய தியாகராச செட்டியார் ஓய்வு பெற எண்ணினார். அவரும் பிள்ளையவர்களின் மாணாக்கர், ஐயருக்கு மூத்தவர். தம் பதவிக்குச் சாமிநாதையரே தக்கவர் எனக் கல்லூரித் தலைவரிடம் எடுத்துரைத்து, அப்பணியை அவருக்குப் பெற்றுத் தந்தார். ஆசிரியர் ஒருவரே ஆதலின், இளைய மாணாக்கரைத் தாங்குவது தம் கடமை எனச் செட்டியார் கருதியிருத்தல் வேண்டும்.

அதே ஆண்டு கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் கண்டார். என்னென்ன நூல்கள் கற்றிருக்கிறீர் என முதலியார் வினவினார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள் என ஐயர் நீண்ட பட்டியலைச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சீவக சிந்தாமணியைக் குறிப்பிட்டார். ஐயர் அதனைப் பாடம் கேட்டதில்லை. தாம் அரும்பாடுபட்டுக் கற்றவை ஒரே வினாவில் சிறுத்துப்போனதை அவர் மறைக்காமல் பிற்காலத்தில் எழுதினார். முதலியார் தந்த கையெழுத்துப் பிரதியே அவரைச் சிந்தாமணிக்குள் செலுத்தியது.

சைவ மடத்துச் சூழலில் வளர்ந்த ஐயருக்குச் சமணக் காப்பியத்தின் சமயக் கருத்துகள் விளங்கவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களிடமே சென்று கேட்டறிந்தார். சந்திரநாத செட்டியார் முதலியோர் அவருக்கு ஐயம் தீர்த்தனர். கல்லூரிப் பண்டிதர் ஒருவர் பிற சமயத்தார் இல்லங்களில் மாணாக்கராய் அமர்ந்தமை, அந்நாளில் சிறிய செய்தியன்று. 1887இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேறியது. பின்னர்ப் பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன.

முகவுரை என்னும் பதிவேடு

இப்பதிப்புகளின் முகவுரைகளை வெறும் சம்பிரதாயமாகக் கருதிக் கடந்து செல்வோர் உளர். அங்குதான் ஐயரின் நாள்வழி நன்றி எழுத்து வடிவம் பெற்றுள்ளது. ஏட்டுப் பிரதி தந்தவர் யார், எந்த ஊரினர் என்னும் விவரங்களை அவர் பெயர் பெயராகக் குறித்தார். ஆதீனத் தலைவரும் சிற்றூர்க் கவிராயரும் அப்பட்டியலில் அருகருகே நிற்கின்றனர். திருவாவடுதுறை ஆதீனத்துக்குரிய மரியாதையும், ஆழ்வார்திருநகரி இலக்குமண கவிராயருக்குரிய மரியாதையும் ஒன்றனால் ஒன்று குறையவில்லை.

இதன் பயன் பண்பாட்டளவில் நின்றுவிடவில்லை. எந்தப் பிரதி எவர் வீட்டிலிருந்து வந்தது என்னும் குறிப்பு, பாடவேறுபாடுகளை ஆராய்வோர்க்கு இன்றியமையாத சான்று. எந்தெந்த ஊர்களில், எந்தெந்தக் குடும்பங்களில் தமிழ் காக்கப்பட்டது என்பதற்கும் அதுவே ஆவணம். நன்றி கூறும் பழக்கம் இல்லாத ஒருவர் இதே நூல்களைப் பதிப்பித்திருப்பாரானால் நூல்கள் கிடைத்திருக்கும். அவற்றைக் காத்த மனிதர்கள் மறைந்திருப்பர்.

காத்தவர் இல்லாத இடத்தில் நேர்ந்தது என்ன என்பதையும் ஐயர் கண்டார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் இருந்தன எனக் கேட்டு அங்குச் சென்றார். பழுதுபட்ட ஏடுகளைத் தீயிலிடுவது முறை எனக் கருதி, அவற்றை முன்பே ஆகுதி செய்துவிட்டனர் எனத் தெரியவந்தது. பொருளறியாத பக்தி அங்கே நூலை எரித்தது. அதே காலத்தில், படிக்கத் தெரியாத போதிலும் முன்னோர் வைத்த பொருள் என்று ஏட்டுக் கட்டினைப் பேணிய குடும்பங்களும் இருந்தன. நன்றிக்குரியோர் யார் என்பது ஐயருக்கு அலைச்சலிலேயே விளங்கியது.

இப்பணியில் ஐயருக்கு முன்னே நடந்தவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை (1832 – 1901). வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலியவற்றை அச்சேற்றிய அவர், ஏடுகள் அழிவதைக் கண்டு பதறிய நெஞ்சினர். தமிழன்னைக்குப் பட்ட கடனைத் தீர்க்கும் வேகம் அவர் பதிப்புரைகளில் தெரிகின்றது. ஐயரின் முகவுரைகளிலோ ஒவ்வொரு மனிதருக்கும் தனித்தனியே பட்ட கடன் எண்ணப்படுகின்றது. முன்னவர் நன்றி மொழியை நோக்கியது. பின்னவர் நன்றி மனிதரை நோக்கியது எனலாம். தமிழ்ப் பதிப்பு வரலாற்றுக்கு இரண்டும் வேண்டியிருந்தன.

இல்லத்தின் பெயர்

1903ஆம் ஆண்டு ஐயர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம் பெற்றார். திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் ‘தியாகராச விலாசம்’ எனப் பெயரிட்டார். தமக்குப் பணி தேடித் தந்த செட்டியாரின் பெயர் அது. குலதெய்வத்தின் பெயரையோ பெற்றோர் பெயரையோ இடுவது வழக்கமாயிருக்க, உதவிய ஒருவர் பெயரை வாயிலில் வைத்தார். வீட்டுக்கு வருவோரும், கடிதத்திற்கு முகவரி எழுதுவோரும் அப்பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒருமுறை கூறி முடிக்கும் நன்றி வேறு. அன்றாட வழக்கில் கலந்துவிடும் நன்றி வேறு. ஐயர் இரண்டாவதைத் தேர்ந்தார்.

அவ்வில்லம் 2012இல் இடிக்கப்பட்டது. ஒருவர் செலுத்திய நன்றியைப் பின்வந்தோர் காக்கத் தவறியமைக்கு அது சான்றாய் நிற்கின்றது. ஆயினும் 1943இல் ஐயர் பெயரால் தொடங்கப்பெற்ற நூல் நிலையத்தில் அவர் தொகுத்த ஏடுகள் பேணப்பட்டு வருகின்றன.

ஆசிரியரும் காலமும்

ஐயரின் நன்றிக்கு உண்மையான சோதனை அவர் பெற்ற வெற்றியினாலேயே வந்தது. சங்க நூல்களும் காப்பியங்களும் வெளிவர வெளிவர, தமிழரின் சுவை மாறியது. பழந்தமிழின் எளிமையும் வீறும் அளவுகோலாயின. தலபுராணங்களும் அந்தாதிகளும் பிற்காலச் சரக்கு என ஒதுக்கப்பட்டன. தலபுராணங்களும் பிரபந்தங்களும் பாடிக் குவித்த பிள்ளையவர்களின் புகழ் அம்மாற்றத்தில் மங்கியது. மாணாக்கர் தேடித் தந்த செல்வமே ஆசிரியரின் செல்வத்தை மதிப்பிழக்கச் செய்தது. இதனினும் கடுமையான நிலை ஒரு மாணாக்கர்க்கு வாய்ப்பது அரிது.

ஆசிரியரின் சுவையே சிறந்தது எனச் சாதித்துத் தம் பதிப்புப் பணியை நிறுத்த ஐயர் முற்படவில்லை. காலம் மாறியது எனக் கூறி ஆசிரியரைக் கைவிடவும் இல்லை. பிள்ளையவர்களின் பிரபந்தங்களைத் தொகுத்து வெளியிட்டார். 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. அதற்கு அடுத்த ஆண்டு, எழுபத்தெட்டு வயதில், பிள்ளையவர்கள் சரித்திரத்தின் முதற் பாகத்தை வெளியிட்டார். இரண்டாம் பாகம் 1934இல் வந்தது. ஆசிரியர் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் கடந்திருந்தன. புகழின் உச்சியில் நின்றவர், பலரும் மறக்கத் தொடங்கிய ஒருவரின் வாழ்வை இரு பாகமாக எழுதினார்.

அந்நூல் வெறும் புகழ்மாலையன்று. பிள்ளையவர்களின் வறுமையும் கடனும் அதில் உள்ளன. இசையில் அவருக்கு ஈடுபாடின்மையும் மறைக்கப்படவில்லை. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் ஐயர் இசை பயின்றதும், அதனை ஆசிரியர் விரும்பாமையால் நிறுத்த நேர்ந்ததும் அவரே எழுதிய செய்திகள். இசைக் குடும்பத்திற் பிறந்தவருக்கு அது சிறிய இழப்பன்று. குறையைச் சொன்னதனால் ஆசிரியர் பெருமை குன்றவில்லை. படிப்போர் அவரை மனிதராகக் கண்டு அன்பு கொள்ள வழி பிறந்தது. பரிமேலழகர் கருதிய அந்த அரிய இடம் இதுவே. நன்றியால் நடுவுநிலை சிதையவில்லை. நடுவுநிலையால் நன்றி குறையவும் இல்லை.

முற்றுப்பெறாத கணக்கு

1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ தொடராக வெளிவந்தது. தம் வரலாற்றை எழுதப் புகுந்த ஐயர் அதன் பெரும்பகுதியைப் பிறர்க்கே அளித்தார். அரியலூர்ச் சடகோப ஐயங்கார், குன்னம் சிதம்பரம் பிள்ளை, கார்குடி கஸ்தூரி ஐயங்கார், செங்கணம் விருத்தாசல ரெட்டியார் எனத் தமக்கு இளமையில் தமிழ் சொன்னவர் ஒவ்வொருவரும் அதில் உயிருடன் உலவுகின்றனர். அவர்களுள் பலரை வேறெந்த இலக்கிய வரலாறும் விரிவாகப் பேசியதில்லை. சில மாதம் பாடம் சொன்னவரும் முழு உருவத்தோடு அங்கே நிற்கின்றார்.

1942 ஏப்ரல் 28ஆம் நாள் ஐயர் திருக்கழுக்குன்றத்தில் மறைந்தார். அச்சரித்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை எட்டிய அளவில் நின்றது. எழுதப்பெறாத நாற்பதாண்டுகளில் உதவியோர் எத்துணைப் பேர் என்பதை அவர் முகவுரைகளிலிருந்தும் நினைவுக் கட்டுரைகளிலிருந்தும் ஓரளவு திரட்டிக்கொள்ள வேண்டியுள்ளது.

இலக்கிய அமைப்புகள் மலர் வெளியிடும்போது நன்றியுரை இறுதிப் பக்கத்தில் இடம்பெறுவது வழக்கம். புரவலர் பெயரும் விளம்பரம் தந்தோர் பெயரும் அங்கு நிரம்பும். கூட்டத்திற்கு இடம் தந்தவர், பாய் விரித்தவர், முதற்கவிதையைத் திருத்தித் தந்த பள்ளி ஆசிரியர், பழைய இதழ்களைக் காத்து வைத்த முதியவர் ஆகியோர் பெயரும் அப்பக்கத்தில் ஏறுமாயின், அது பிற்காலத்தார்க்கு வரலாறாகும். சாமிநாதையர் சிந்தாமணியையும் சிலம்பையும் மட்டும் காக்கவில்லை. பெயர்களைக் காத்தார். அவ்வகையில் அவர் முகவுரைகள் இன்றும் பாடமாக விளங்குகின்றன.