நான் கழுவித் தள்ளிய காவல்காரன்

செம்பருத்தி வளர்ப்பவர்களுக்கு மாவுப்பூச்சியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கொழுந்து சுருண்டுபோகும், மொட்டுக்கு அடியில் பஞ்சு ஒட்டினாற்போல் இருக்கும். போன வருடம் என் மாடிச் செடியில் அந்தப் பஞ்சுக்கு நடுவே கொஞ்சம் பெரிதாக, வெள்ளை மெழுகு இழைகளோடு சில பூச்சிகள் ஓடிக்கொண்டிருந்தன. சரி, இதுதான் தாய்ப்பூச்சி போலன்னு எல்லாத்தையும் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டேன். அப்புறம் படங்களைப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஓடியவை மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழுக்கள்!

அதன் பெயர் கிரிப்டோலேமஸ் மான்ட்ரோசேரி. பூர்வீகம் ஆஸ்திரேலியா. அது எப்படி இங்கே வந்ததென்று தேடினால், கதை கலிஃபோர்னியாவில் ஆரம்பிக்கிறது.

1888இல் அங்கே ஆரஞ்சுத் தோட்டங்களைச் செதில்பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. ஆல்பர்ட் கோபலே என்ற பூச்சியியலாளர் ஆஸ்திரேலியா போய், ரொடோலியா என்ற பொறிவண்டை அனுப்பிவைத்தார். ஓரிரு ஆண்டுகளில் தோட்டங்கள் பிழைத்தன. அந்த வெற்றி தந்த தைரியத்தில் 1891இல் மறுபடியும் போனார். அப்போது வந்ததுதான் கிரிப்டோலேமஸ். ஆனால் கலிஃபோர்னியாவின் பல இடங்களில் இதற்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் உருளைக்கிழங்கு முளைகளில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதைத் தீனியாகக் கொடுத்து வண்டைப் பெருக்கி, தோட்டங்களில் விட்டார்கள்.

இந்தியாவுக்கு 1898இல் கொண்டுவந்தார்கள். மாவுப்பூச்சிக்காக அல்ல, காபிச் செடியின் பச்சைச் செதில்பூச்சிக்காக! அந்த வேலையில் வண்டு தோற்றது. ஆனால் தென்னிந்தியாவில் தங்கிவிட்டது. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அதன் உண்மையான திறமை இங்கே பயன்பட்டது. பெங்களூரு ஆய்வுக்கூடங்களில் உருளைக்கிழங்குக்குப் பதில் நம்ம பரங்கிக்காய். அதில் மாவுப்பூச்சியை ஏற்றி, வண்டை வளர்த்து, திராட்சை, கொய்யா, அலங்காரச் செடிகள் என்று விட்டார்கள்.

புழு மாவுப்பூச்சி மாதிரியே இருப்பதால்தான் நாம் ஏமாறுகிறோம். வித்தியாசம் சுலபம்: மாவுப்பூச்சி நகர்வதே தெரியாது, புழு சுறுசுறுப்பாக ஓடும். செடியில் எறும்பு ஏறினால் முதலில் அதைத் தடுங்கள். மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நின்று வண்டை விரட்டும்.

இந்த வருடமும் செம்பருத்தியில் பஞ்சு வந்துவிட்டது. தினமும் காலையில் ஏதாவது ஓடுகிறதா என்று பார்க்கிறேன். இதுவரை ஒன்றும் ஓடவில்லை.