அரசாங்க சபையின் அங்கத்துவ அமைப்பு (1931–1947): கட்சியும் இனமும்

ஒரு நாட்டின் சட்டசபையை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் அது இயற்றிய சட்டங்களையே முதற்கண் நோக்குவர். ஆயின், அச்சபையில் அமர்ந்தோர் யாவர், அவர்கள் எவ்வாறு தெரிவாயினர், சபையினுள்ளே எந்த அடிப்படையில் அணி சேர்ந்தனர் என்னும் வினாக்களும் அத்துணை முக்கியமானவை. இலங்கை அரசாங்க சபையைப் பொறுத்தவரையில் இவ்வினாக்களுக்குத் தனிச் சிறப்பு உண்டு. ஏனெனில், அது கட்சிகள் வேரூன்றாத காலத்துச் சபை. கட்சி இல்லாத இடத்தை எது நிரப்பியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1833இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி அமைந்த சட்டநிரூபண சபையில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் அறுவரே இடம்பெற்றனர். ஐரோப்பியர் மூவர், சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்கு ஒவ்வொருவர். அனைவரும் தேசாதிபதியால் நியமிக்கப்பட்டவர்களே. 1889இல் கண்டிச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் ஒவ்வோர் ஆசனம் சேர்க்கப்பட்டது. எனவே, பிரதிநிதித்துவம் என்னும் கருத்து இந்நாட்டில் முதன்முதல் இனத்தின் பெயராலேயே அறிமுகமாயிற்று. 1911இல் ‘படித்த இலங்கையர்’ ஆசனத்திற்கு நடைபெற்ற தேர்தலில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் வென்றமை இதற்கு ஒரு விதிவிலக்கு. ஆயினும், அவ்வாக்காளர் தொகை மிகச் சிறியது. 1924ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பின்னரும் குடிசனத்தில் ஏறத்தாழ 4 வீதத்தினரே வாக்குரிமை பெற்றிருந்தனர்.

இந்நிலையிலேயே 1927இல் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. இனவாரிப் பிரதிநிதித்துவத்தை அது அடியோடு நிராகரித்தது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆண்களுக்கும் முப்பது வயது நிரம்பிய பெண்களுக்கும் வாக்குரிமை விதந்துரைத்தது. சட்டநிரூபண சபை இத்திட்டத்தை 1929இல் 19க்கு 17 என்னும் வாக்குகளால் ஏற்றது. இரண்டு வாக்கு வேறுபாட்டிலேயே பழைய சபை தன் முடிவைத் தானே எழுதிக்கொண்டது எனலாம்.

புதிய சபையில் 61 உறுப்பினர் இருந்தனர். தொகுதிவாரியாகத் தெரிவானோர் 50 பேர், தேசாதிபதியின் நியமனம் பெற்றோர் 8 பேர், அரச அதிகாரிகள் மூவர். அதிகாரிகள் நீங்கலான உறுப்பினர் ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொரு குழுவும் இரகசிய வாக்கெடுப்பின் மூலம் தன் தலைவரைத் தெரிந்தது. அவ்வெழுவரும் அமைச்சராயினர். பெரும்பான்மைக் கட்சி அரசமைக்க, எதிர்க்கட்சி அதனைக் கண்காணிக்கும் வெஸ்ட்மினிஸ்டர் முறை இங்கே வேண்டப்படவில்லை. கட்சிகளே இல்லாத நாட்டில் அம்முறை இயங்காது என்பது ஆணைக்குழுவின் கணிப்பு.

1931 யூன் மாதத் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசு பகிஷ்கரித்தது. பூரண சுயராச்சியத்திற்குக் குறைந்த எதனையும் ஏற்பதில்லை என்பது அதன் வாதம். இதனால் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளும் வெறுமையாயின. எஞ்சிய 46 தொகுதிகளில் சிங்களவர் 38 பேரும், இலங்கைத் தமிழர் மூவரும், இந்தியத் தமிழர் இருவரும், ஐரோப்பியர் இருவரும், முஸ்லிம் ஒருவரும் தெரிவாயினர். எனினும், அமைச்சர் எழுவருள் பெரி சுந்தரம், எச். எம். மாக்கான் மாக்கார் ஆகிய இருவர் சிறுபான்மையினர் என்பது கவனத்திற்குரியது.

தலைநகரின் நிலையும் இவ்விடத்து நோக்கத்தக்கது. கொழும்பு வடக்கில் வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து வென்றார். அவர் பதவியிழந்ததும், 1932 இடைத்தேர்தலில் அவருடைய துணைவியார் நேசம் சரவணமுத்து அதே தொகுதியிற் போட்டியிட்டுச் சபை புகுந்தார். அச்சபையின் முதல் தமிழ்ப் பெண் உறுப்பினர் அவரே. தமிழர் வாக்கை மட்டும் நம்பி வெல்லக்கூடிய தொகுதியன்று அது. கொழும்பு மத்தியில் தொழிற்கட்சித் தலைவர் ஏ. ஈ. குணசிங்க தெரிவானார். 1923, 1929 ஆகிய ஆண்டுகளின் வேலைநிறுத்தங்களால் உயர்ந்த அவர், முப்பதுகளில் மலையாளத் தொழிலாளருக்கு எதிரான பிரசாரத்திற்குத் திரும்பினார். 1933இல் வெள்ளவத்தை நூற்பு நெசவாலையில் வேலைநிறுத்தம் மூண்டபோது, அவருக்கு மாறாகக் கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர்கள் தொழிலாளரை வழிநடத்தினர். அந்த இளைஞர் அணியினின்றே 1935 டிசம்பரில் லங்கா சமசமாசக் கட்சி பிறந்தது. கொள்கையால் அமைந்த ஒரு கட்சி வெள்ளவத்தை ஆலை வாயிலில் உருப்பெற்றது என்று கூறின் அது மிகையாகாது.

1936ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி சார்பில் பிலிப் குணவர்த்தன, என். எம். பெரேரா ஆகிய இருவரே தெரிவாயினர். சபையிற் பெரும்பாலோர் தத்தம் செல்வாக்கினால் வந்த தனி மனிதர்களே. 1934 இடைத்தேர்தல்கள் வாயிலாக வட பகுதி சபைக்குத் திரும்பியிருந்தது, ஜீ. ஜீ. பொன்னம்பலமும் அதில் இடம்பெற்றிருந்தார். தமிழ் உறுப்பினர் தொகை முன்னையினும் கூடியது. ஆனால் அமைச்சர் எழுவரும் சிங்களவராகவே அமைந்தனர்.

இதன் கணக்கு எளியது. ஒவ்வொரு குழுவிலும் ஏறத்தாழ எட்டு உறுப்பினர். ஐவர் ஒன்றுபட்டால் தலைவர் பதவி அவர்களுக்கே. ஏழு குழுக்களுக்கும் 35 பேர் போதும்; சபையிலோ அதற்கு மேற்பட்ட சிங்கள உறுப்பினர் இருந்தனர். இக்கணக்கை வகுத்துக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியரான சி. சுந்தரலிங்கமே என நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகின்றது. அமைச்சர்கள் ஒருமித்துக் கேட்டாலே மேலும் அரசியற் சீர்திருத்தம் பெறலாம் என்பதே இதற்குக் கூறப்பட்ட நியாயம்.

இங்கே ஓர் உண்மை புலப்படுகின்றது. 1931இல் சிறுபான்மையினர் தொகை குறைவு, அமைச்சர் இருவர். 1936இல் தமிழர் தொகை கூடிற்று. சிறுபான்மை அமைச்சர் எவருமிலர். ஆகவே தலைக்கணக்கு மாத்திரம் இதனைத் தீர்மானிக்கவில்லை. உறுப்பினர் எவ்வடிப்படையில் ஒன்று சேர்ந்தனர் என்பதே தீர்மானித்தது. கட்சி என்னும் பிணைப்பு இல்லாத சபையில் மிக எளிதாகக் கிடைத்த பிணைப்பு இனமே. இனவாரி ஆசனத்தை ஒழித்த ஆணைக்குழு, இனவாரி வாக்கெடுப்பிற்குத் தானறியாமலே வழி திறந்துவிட்டது. 1942இல் அருணாசலம் மகாதேவா உள்நாட்டு அமைச்சரானதும் ஐயம் நீங்கவில்லை. பொன்னம்பலம் சோல்பரி ஆணைக்குழுவின் முன் வலியுறுத்திய ‘ஐம்பதுக்கு ஐம்பது’ கோரிக்கையை இந்த 1936ஆம் ஆண்டு அனுபவத்தினின்று பிரித்து விளங்குதல் இயலாது.

1947இல் பிரதிநிதிகள் சபை அமைந்தபோது கட்சிகள் தோன்றிவிட்டன. தெரிவான 95 ஆசனங்களில் ஐக்கிய தேசியக் கட்சி 42ஐயும், சமசமாசக் கட்சி 10ஐயும், தமிழ்க் காங்கிரசு ஏழையும் பெற்றன; இலங்கை இந்தியக் காங்கிரசும் ஆசனங்களை வென்றது. வெள்ளவத்தை–கல்கிசையில் பொல்சிவிக் லெனினியக் கட்சி சார்பில் கொல்வின் வென்றார். மூன்று உறுப்பினர் கொண்ட கொழும்பு மத்தியில் ரீ. பி. ஜாயா, பீற்றர் கெனமன், குணசிங்க ஆகிய மூவரும் தெரிவாயினர். கட்சியாலும் இனத்தாலும் மூவரும் வேறுபட்டோர். ஆயின், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தையடுத்து மலையகத் தமிழர் வாக்குரிமை இழந்தனர். 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. சபையின் அமைப்பை மாற்ற வாக்கெடுப்பு மட்டுமன்று, வாக்காளர் இடாப்பும் போதும் என்பதை இது காட்டிற்று.

விகிதாசார முறையில் இயங்கும் இன்றைய பாராளுமன்றம் 225 உறுப்பினரைக் கொண்டது. 2024இல் தேசிய மக்கள் சக்தி அவற்றுள் 159ஐப் பெற்றதோடு, யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றையும் வென்றது. தெற்கிலே தலைமை கொண்ட கட்சியொன்றின் மீது வடக்கு வைத்த இந்நம்பிக்கை சிறிதன்று. ஆனால் 1931இலும் இரு சிறுபான்மை அமைச்சர் இருந்தனர். ஐந்தே ஆண்டுகளில் அந்நிலை மாறியது. அந்த ஐந்தாண்டு மாற்றத்தைக் கற்றறிதல் வரலாற்று மாணவர்க்கு மட்டுமன்றி, இன்று சபையில் அமர்ந்திருப்போர்க்கும் கடமையாகும்.