புரையேறுதல்

காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டத்து வேலைக்கு நடுவே கஞ்சி குடிப்பவருக்குப் புரையேறினால், உச்சந்தலையில் தட்டி "யாரோ நினைக்கிறாக" என்பார்கள். 'புரை' என்றால் உள்துளை. புண் புரையோடுவதிலும் அதுதான். உணவு, போகவேண்டிய வழி தப்பி மூச்சுத்துளையில் ஏறுவதே புரையேறுதல். புரைக்குக் குற்றம் என்ற பொருளும் உண்டு.

இரவு பால் குடித்துத் தூங்கிய கைக்குழந்தை விடியலில் அசைவற்றுக் கிடந்தால், "பால் புரையேறிருச்சு" என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. தாயின் காதில் அந்த இரண்டாம் பொருள்தான் விழும். வாயோரத்துப் பாலைச் சான்று காட்டுவார்கள். உயிர் பிரியும் தறுவாயிலும், பிழைக்கவைக்க நெஞ்சை அழுத்தும்போதும் இரைப்பையில் உள்ளது மேலேறி வரும். இதை அவளிடம் யாரும் சொல்வதில்லை.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூக்கத்தில் இறந்து, உடற்கூறாய்வு, இறந்த இடம், நோய் வரலாறு எல்லாம் பார்த்தும் காரணம் பிடிபடாவிட்டால் அது 'திடீர் சிசு மரணம்'. 1969-இல் அமெரிக்காவின் சியாட்டில் மாநாட்டில் வரையறுத்த பெயர். 2 முதல் 4 மாதக் குழந்தைகளிடம் அதிகம். மூச்சு தடைப்பட்டால் விழிக்கச்செய்யும் மூளைத்தண்டில் குறை இருக்கலாம் என்று கருதுகிறார்கள். குப்புறப் படுப்பது ஆபத்தைக் கூட்டும். மல்லாக்கப் படுத்தால் புரையேறும் என்ற பயம் வீண். அப்போது மூச்சுக்குழல், உணவுக்குழலுக்கு மேலே இருக்கிறது.

செவிலியர் வீடு தேடி வந்து, கடைசியாக எப்போது பால் குடித்தது, எப்படிப் படுத்திருந்தது என்று கேட்பது குழந்தை இறப்பு ஆய்வின் நடைமுறை. பெற்றோருக்கோ அது போலீஸ் விசாரணை மாதிரி. கூறாய்வு அறிக்கையில் 'மூச்சுக்குழலில் பால்' என்றிருந்தால், அது காரணமா, கடைசி நேர விளைவா என்று அவர்களோடு உட்கார்ந்து விளக்க ஒரு மருத்துவர் வேண்டும்.