டாம் வில்ஸ்: இரு கரைகளுக்கு இடையே ஒரு மனிதன்

1858 ஜூலை 10 அன்று மெல்போர்ன் இதழொன்றில் ஒரு கடிதம் வெளியாயிற்று. குளிர்காலத்தில் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் சோம்பிக் கிடக்கலாகாது, கால்பந்துக் கழகம் ஒன்று தொடங்குவோம் என்றது அது. எழுதியவர் டாம் வில்ஸ், வயது இருபத்திரண்டு. மறு ஆண்டு மே 17 அன்று அவரும் நண்பர்கள் சிலரும் கூடிப் பத்து விதிகளை வகுத்தனர். எதிராளியின் காலில் உதைப்பது அவற்றில் விலக்கப்பட்டது. ஆஸ்திரேலியக் கால்பந்தின் தொடக்கம் இதுவே.

வில்ஸ் இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் பயின்றவர். அதற்கு முன்னரோ, மேற்கு விக்டோரியாவில் ஜாப் வுரங் பழங்குடிச் சிறுவரோடு விளையாடி, அவர்தம் மொழியையும் பேசி வளர்ந்தவர். ஆகவே பழங்குடியினரின் மார்ன்குரூக் என்னும் பந்தாட்டமே இவ்விளையாட்டின் ஊற்று என்பார் உளர். கவர்ச்சியான கருத்துதான், ஆயினும் ஒப்புமை வேறு, சான்று வேறு. இலக்கிய ஆய்விலும் நாம் இவ்விரண்டையும் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம்! விதிகளை வகுத்தோர் எவரும் மார்ன்குரூக்கைக் குறிப்பிட்டதாக எழுத்துச் சான்று இல்லை.

1861 அக்டோபர் 17 அன்று குயின்ஸ்லாந்தின் கல்லின்-லா-ரிங்கோவில் அவருடைய தந்தை ஹொரேஷியோ உட்படப் பத்தொன்பது குடியேறிகளைப் பழங்குடியினர் கொன்றனர். பொருள்கள் வாங்கிவரச் சென்றிருந்த டாம் உயிர்தப்பினார். பின்னர் வெள்ளையர் நிகழ்த்திய பழிவாங்கலில் மாண்ட பழங்குடியினர் இதனினும் பன்மடங்கினர். அவர்கள் பெயர்களை எந்த ஏட்டிலும் எவரும் எழுதி வைக்கவில்லை.

ஐந்தே ஆண்டுகள் கழிந்தன. 1866 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மெல்போர்ன் மைதானத்தில் பழங்குடியினரின் கிரிக்கெட் அணி ஒன்று களமிறங்கிற்று. அதற்குப் பயிற்சியளித்துத் தலைமையேற்றவர் இதே வில்ஸ். இதனைப் பெருந்தன்மை என்று நெடுங்காலம் போற்றிவந்தனர். 2021இல் சிகாகோ நாளேட்டின் 1895ஆம் ஆண்டுக் கட்டுரையொன்று வெளிப்பட்டது. பழிவாங்கலில் தாமும் பங்குகொண்டதாக வில்ஸே கூறினார் என்கிறது அது. அக்கட்டுரையின் நம்பகம் குறித்து வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், கொன்ற கையும் பந்துவீசக் கற்பித்த கையும் ஒன்றாக இருத்தல் இயலாது என்று வாதிடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. மனிதர் அவ்வளவு எளியரல்லர்.

பிற்காலம் மதுவிலும் கடனிலும் கழிந்தது. 1868இல் பழங்குடி அணி இங்கிலாந்து சென்றபோது வில்ஸ் அதில் இல்லை. 1880 மே 2 அன்று, நாற்பத்துநான்காம் வயதில், ஹைடல்பர்க்கில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் கல்லறைக்கு ஒரு நடுகல் வாய்க்க நூறு ஆண்டுகள் ஆயின.